வழிச்செல்வோர்க்கு உறையுள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் முதலிரண்டையும் வழிச்செல்வோன் தன்னுடன் எடுத்துச் செல்லலாம். கட்டுச்சோறும் மாற்றுடையும் ஒரு மூட்டையில் அடங்கும். உறையுளோ அவ்வாறு எடுத்துச் செல்லத் தக்கதன்று. அது சென்ற இடத்திலேயே கிடைத்தல் வேண்டும். அதுவும் பிறர் தந்தால்தான் கிடைக்கும். ஆதலின், கையிற் பொருள் குறைந்த ஒருவன் அயலூரில் தங்க இடம் தேடுங்கால், அதற்குரிய காலத்தையும் முறையையும் அறிந்திருத்தல் நன்று. அவற்றைத் திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியைக் கொண்டு அறியலாம்.

திருவண்ணாமலை, 814 மீட்டர் உயரமுள்ள மலையின் அடியில் அமைந்த திருத்தலமாகும். அம்மலையை வலம் வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. கார்த்திகைத் தீபத் திருநாளிலும், திங்கள்தோறும் வரும் முழுமதி நாளிலும் மக்கள் வெள்ளம் அப்பாதையில் பெருகும். கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், செங்கம் சாலையில் இரமணாசிரமம் உள்ளது. 1922ஆம் ஆண்டில் இரமண மகரிஷியின் அன்னையார் அழகம்மையார் மறைந்தபோது, மலையின் தென்பால் அடிவாரத்தில் அவருக்குச் சமாதி அமைத்தனர். அதனைச் சூழ்ந்தே ஆசிரமம் வளர்ந்தது. தொடக்கத்தில் அங்கிருந்தவை ஓலைக் குடில்களே. அடியவர் சிலர் அருகிலுள்ள பலாக்கொத்து என்னும் இடத்தில் சிறு குடில்கள் அமைத்துத் தங்கினர். இன்றோ அப்பகுதியில் வீடுகளும் விடுதிகளும் நெருங்கியுள்ளன. வெளிநாட்டாரும் பலர் வந்து தங்குகின்றனர்.

இப்பகுதிக்கு ஆண்டில் இருவேறு பருவங்கள் உண்டு. கார்த்திகை முதல் மாசி வரை வெயில் தணிந்திருக்கும். தீபத் திருவிழாவும் மகரிஷியின் பிறந்தநாள் விழாவும் இக்காலத்திலேயே வருவன. ஆதலின் அறைகள் நிறைந்து வாடகையும் உயரும். பங்குனி பிறந்ததும் நிலைமை மாறும். சித்திரை, வைகாசித் திங்கள்களில், பகலெல்லாம் காய்ந்த மலை இரவிலும் அனல் உமிழும். குளிர்நாட்டிலிருந்து வந்தோர் தம் ஊர் திரும்புவர். பல அறைகள் பூட்டிக் கிடக்கும், வாடகையும் தாழும்.

வாடகை இவ்வாறு தாழ்வதன் காரணம் யாது? நெல் வணிகன் ஒருவன், இன்று விலைபோகாத நெல்லைக் களஞ்சியத்தில் வைத்து நாளை விற்கலாம். அறையின் இயல்பு அத்தகையதன்று. இன்றிரவு ஆளின்றிக் கிடந்த அறையின் வாடகையை நாளை ஈட்ட இயலாது. அவ்விரவு கழிந்தது கழிந்ததே. ஆளில்லை என்பதற்காகக் காவலனுக்கு ஊதியமும், அரசுக்கு வரியும், பழுது பார்க்கும் செலவும் நின்றுவிடா. ஆதலின் ஒன்றும் பெறாதிருப்பதினும் சிறிது பெறுதல் மேல் என்று விடுதிக்காரர் இசைவர். தீப நாளிலோ, ஓர் அறைக்குப் பலர் காத்து நிற்பர். அன்று விலையை உயர்த்துவது அவர்க்கு எளிதாகும்.

இது திருவண்ணாமலைக்கு மட்டும் உரிய இயல்பன்று. ஐரோப்பாவில் ஆல்ப்சு மலையூர்களுக்குக் குளிர்காலத்தில் பனிமேற் சறுக்கி விளையாடுவோரும், கோடையில் மலைவழி நடப்போரும் திரளாகச் செல்வர். பனி உருகும் இளவேனிலிலும், இலையுதிர்காலத்தின் இறுதியிலும் அவ்வூர்கள் வெறிச்சோடும். விடுதிகள் பல மூடப்படும். திறந்திருப்பவை குறைந்த வாடகைக்கு இடம் தரும். நம் நாட்டிலோ, சித்திரையில் திருவண்ணாமலையை வெறுமையாக்கும் வெயிலே உதகமண்டலத்தை மக்களால் நிரப்புகிறது. ஓரூரின் நெருக்கடிக் காலம் மற்றோரூரின் ஓய்வுக் காலமாதல் காண்க.

காலம் அறிந்தவன் முறையும் அறிதல் வேண்டும். புறப்படுமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்தல் முதற்கடன். கோடையிலும் முழுமதி நாளில், சிறப்பாகச் சித்திரைப் பௌர்ணமியில், ஊர் நிறைந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டொரு நாள் தள்ளிச் செல்வோன் எளிதில் இடம் பெறுவான். பகற்பொழுதிலேயே ஊரை அடைதல் நன்று. இருட்டிய பின் வருவோன் கேட்ட வாடகையைக் கொடுக்கவே நேரும். பெருஞ்சாலையில் முதலிற் கண்ட விடுதியோடு நில்லாமல், உள்தெருக்களிலும் சென்று விசாரித்தல் வேண்டும். அறையைக் கண்டு, நீர்வசதியும் கதவின் தாழும் செம்மையாக உள்ளனவா என்று ஆராய்ந்து, வாடகையைத் தெளிவாகப் பேசிய பின்னரே மூட்டையை இறக்குதல் தகும். பல நாள் தங்குவோன் அதனை முன்னரே கூறின், நாள்வாடகை மேலும் குறையக்கூடும்.

வாடகை குறைவென்னும் ஒன்றனையே கருதுதலும் தவறு. கோடையில் காற்றோட்டமற்ற மாடியறை உறக்கத்தைக் கெடுக்கும். வெறுங்காலுடன் மலைவலம் வருவோர், பாதை சுடாத விடியற்காலையிலோ இரவிலோ அதனை முடித்தல் வேண்டும். மழைக்காலத்தில் மலைச்சரிவை ஒட்டிய இடங்கள் இடர் விளைப்பன. 2024 டிசம்பர் 1ஆம் நாள், பெருமழையால் மண்ணும் பாறையும் சரிந்து அவ்வூரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தமையால் எழுவர் உயிரிழந்தனர். மலிவினும் உயிர் பெரிதன்றோ?

இனி, வாடகை கொடுக்கவே இயலாதார் எங்ஙனம் தங்குவர்? அவர்க்காகவே நம் முன்னோர் சத்திரங்களை நிறுவினர். இரண்டாம் சரபோசி மன்னர், இராமேசுவரம் செல்லும் வழியில் ஒரத்தநாட்டில், முத்தாம்பாள் பெயரால் ஒரு சத்திரம் எழுப்பி, வழிச்செல்வோர்க்கு உணவும் இடமும் அளித்தார். ஆல்ப்சு மலையிலும், 2,469 மீட்டர் உயரமுள்ள பெரிய புனித பெர்னார்டு கணவாயில், 11ஆம் நூற்றாண்டில் துறவியர் ஓர் இல்லம் அமைத்துப் பனியில் வழி தவறியோரைக் காத்தனர். இரமணாசிரமத்திலும் தங்குவோரிடம் கட்டணம் பெறும் வழக்கம் இல்லை. விரும்பியோர் காணிக்கை அளிக்கலாம். ஆயின் முன்னரே எழுதி இசைவு பெறுதல் வேண்டும். சில நாள்களே தங்கலாம். விழாக்காலத்தில் அங்கு இடம் கிடைத்தல் அரிது.

இத்தகைய அறவிடுதிகளில் தங்குவோர்க்கும் ஒரு கடமை உண்டு. வாடகை தர வல்லவன் வாடகை அறைக்கே செல்லுதல் வேண்டும். ஏனெனில், அறவிடுதியில் அவன் கொள்ளும் இடம், அவனினும் எளியவன் ஒருவன் படுக்க வேண்டிய இடமாகும்.

எளியவன் ஒருவனின் நிலையை இரமணர் தாமே இளமையில் உணர்ந்தவர். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பதினாறு வயதினராய், மதுரையிலிருந்து தனியே புறப்பட்டு வந்த அவர், திருக்கோவலூரை அடுத்த அறையணிநல்லூர்க் கோயிலில் இரவு அமர்ந்திருந்தார். கதவைப் பூட்டும் நேரம் வந்ததும், அவரை வெளியே போகுமாறு கூறினர். அடுத்துச் சென்ற கீழையூர்க் கோயிலிலும் உணவு மறுக்கப்பட்டது. அப்போது அங்கு மேளம் வாசிப்பவர் தமக்குரிய சோற்றை அவருக்கு அளித்தார். செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவர், எஞ்சிய காசையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கினார். தங்க இடமின்றி வெளியேற்றப்பட்ட அவ்விளைஞரின் பெயரால் அமைந்த ஆசிரமத்தில் இன்று பல நாட்டாரும் இடம் பெறுகின்றனர்.

அதே திருக்கோவலூரில்தான், மழைபெய்த ஓரிரவில், முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் கூடினர் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவுமே இடமிருந்த அச்சிறு கழியில், முதலில் வந்தவர் இரண்டாமவர்க்கும், அவ்விருவர் மூன்றாமவர்க்கும் இடம் தந்தனர். தமக்கு முன் கிடைத்தது என்று கதவை அடைத்தாரல்லர். காலமறிந்து செல்லுதல் வழிச்செல்வோனின் அறிவு. வந்தவர்க்கு இடம் தருதல் ஊராரின் அறம். இவ்விரண்டும் கூடின், எளியவனும் அயலூரில் அச்சமின்றி உறங்குவான்.