கால் சுற்றுக் கணக்கு

கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் எழும்பூர் பாதை மீட்டர் கேஜாக இருந்த நாள்களில் ஓடிய நீராவி எஞ்சின்களின் ஓசையைக் குழந்தைகள் 'சிக்கு புக்கு' என்று இரண்டாகச் சொல்லிப் பழகினாலும், பிஸ்டனின் இருபுறமும் ஆவி மாறி மாறித் தள்ளும் இரட்டை சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முறை ஆவியைக் கக்குகிறது. அந்த நான்கும் சீராக விழ வேண்டுமானால், இடப்புறக் கிராங்க்கும் வலப்புறக் கிராங்க்கும் ஒன்றுக்கொன்று 90 பாகை, அதாவது கால் சுற்று, விலகி நிற்க வேண்டும்.

பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கையே கிராங்க். பிஸ்டன் ஓட்டத்தின் முனையை எட்டும்போது அதைக் கிராங்க்குடன் இணைக்கும் தண்டும் கிராங்க்கும் அச்சின் மையமும் ஒரே கோட்டில் வந்துவிடுவதால், ஆவி எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அசையாத அந்த நிலை 'டெட் சென்டர்' எனப்படுகிறது. சைக்கிளின் இரு பெடல்களும் 180 பாகை விலகியிருப்பதால் ஒன்று உச்சியில் நிற்கையில் மற்றதும் அடியில் நின்று பயனற்றுப் போக, ஏறுபவர் பெடலைச் சற்றே முன்தள்ளிக்கொண்டு மிதிப்பது இதே தொல்லையால்தான்.

லீட்ஸ் நகரத்துக் கிட்சன், தாம்சன், ஹியூவிட்சன் நிறுவனம் 1855-இல் உருவாக்கி, பெரம்பூர் லோகோ பணிமனை 2010-இல் மீண்டும் ஓடவைத்த 'இ.ஐ.ஆர். 21' எஞ்சினுக்கு இயங்கு அச்சு ஒன்றுதான்; ஆயினும் அது எந்த நிலையில் நின்றாலும் புறப்படக் காரணம், ஒரு கிராங்க் செயலிழக்கும் கணத்தில் மற்றது முழு வலிமையில் இருப்பதே. ஆவியழுத்தம் ஓட்டம் முழுவதும் மாறாதெனக் கொண்டு, தண்டின் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், இரண்டின் கூட்டுத் திருப்புவிசை ஒரு சிலிண்டரின் உச்ச அளவுக்குக் கீழே இறங்குவதில்லை, அதன் 1.41 மடங்கு வரை ஏறுகிறது.

சிறு மாதிரி எஞ்சினில் இந்தக் கோணத்தை அமைப்பது பார்வைக்கு எளிதாயினும் கையை ஏமாற்றுவது. அச்சை வி வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக்கில் கிடத்தி, ஒரு கிராங்க் முளையை அச்சு மையத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியபின், மற்ற முளை நேர் மேலே நிற்கிறதா என்பதை உயரத்தை அளந்து முடிவு செய்வது தவறு. ஏனெனில், 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள கிராங்க் உச்சியில் 5 பாகை பிசகினாலும் உயரம் 0.04 மில்லிமீட்டர்தான் குறையும், பக்கவாட்டிலோ 0.87 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே மூலைமட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அச்சும் முளையும் ஒரே விட்டமாயின் இரண்டும் அதன் விளிம்பைத் தொடும்படி திருப்பிய பின்னரே அந்தக் கிராங்க்கை அச்சில் இறுக்க வேண்டும்.

பல அச்சுகளை ஒரே தண்டால் இணைக்கும் எஞ்சினில் 90 என்ற எண்ணைவிட ஒருமைப்பாடே முக்கியம்: எல்லா அச்சுகளும் 89 பாகையில் நின்றாலும் வண்டி ஓடும், ஓசையில் சற்றே நொண்டல் தெரியலாம்; ஆனால் ஓர் அச்சு மட்டும் 89-இல் நின்றால், தண்டுத் துளைகளில் போதிய இளக்கம் இல்லாத நிலையில், ஆவி ஏற்றாமல் கையால் உருட்டும்போதே சக்கரம் சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் பிடிக்கும்.