வார்டின் சன்னலில் தொடங்கும் பாடம்

ருவாண்டாவின் வடக்கே, உகாண்டா எல்லைக்கு அருகே மலைமேல் இருக்கிறது புட்டாரோ மருத்துவமனை. அங்கே வார்டில் கட்டில்களின் தலைமாடு நடுச்சுவரை ஒட்டியிருக்கும். நோயாளி கண் திறந்தால் எதிரே இன்னொரு நோயாளி தெரிய மாட்டார்; பெரிய சன்னலும் அதற்கப்பால் பள்ளத்தாக்கும்தான் தெரியும். மேலே அகலமான விசிறி நிதானமாகச் சுழல்கிறது. மக்கள் காத்திருக்கும் தாழ்வாரம் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டத்தில். காரணம் காசநோய். அடைத்த நடைகூடத்தில் உட்கார்ந்திருந்தால், வயிற்றுவலிக்கு வந்தவர்கூட அந்தக் கிருமியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.

2011இல் திறந்த இந்த மருத்துவமனையை ஒட்டி வளர்ந்ததுதான் உலகச் சுகாதாரச் சமத்துவப் பல்கலைக்கழகம். 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பு ருவாண்டா அரசோடு சேர்ந்து 2015இல் அதைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் மூளையாக இருந்தவர் அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மர். அவர் ஏன் ஒரு மலைக் கிராமத்தில் மருத்துவப் பள்ளி வைத்தார் என்று புரிய ஹெய்ட்டிக்குப் போக வேண்டும்.

1980களின் இறுதி. ஹெய்ட்டியின் மத்தியப் பீடபூமியில் காசநோய்க்கு இலவச மருந்து கொடுத்தும் பலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சூனியத்தால் வந்த நோய் என்று நம்புவதால்தான் மாத்திரையை விடுகிறார்கள் என்றனர் சிலர். ஃபார்மர் குழு நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். இன்னொரு பிரிவுக்கு மருந்தோடு சத்துணவும், மாதந்தோறும் கொஞ்சம் பணமும், வீடு தேடி வரும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரும். இரண்டாம் பிரிவில் அனைவரும் குணமானார்கள். முதல் பிரிவில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். சூனியத்தை நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரே மாதிரி மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். குறுக்கே நின்றது நம்பிக்கை அல்ல, பசியும் தூரமும்தான்.

மாத்திரையை நிறுத்திய நோயாளியின் சீட்டில் 'டிஃபால்டர்' என்று எழுதி மூடிவிடுவது எளிது. மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் நடந்தீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள், நீங்கள் படுத்துவிட்டால் வயலை யார் பார்ப்பார்கள் என்று கேட்க ஒரு மருத்துவருக்குப் பழக்கம் வேண்டும். அது தானாக வராது. உடற்கூறியலைப் போலவே கற்றுக்கொடுக்க வேண்டியது.

புட்டாரோ பல்கலைக்கழகத்தில் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். 2019இல் அங்கே சேர்ந்த முதல் எம்.பி.பி.எஸ். அணியில் 30 பேர்; மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஆறரை ஆண்டுப் படிப்போடு, மருத்துவ சேவையை மக்களிடம் கொண்டுசேர்க்கும் முறை பற்றிய முதுகலைப் பட்டமும் இணைந்திருக்கிறது. வரலாறு, சமூகம், அறநெறி ஆகியவை தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. மாணவர்கள் கல்விக் கட்டணச் சுமை இல்லாமல் படிக்கலாம்; பதிலுக்கு, படித்து முடித்ததும் ஆண்டுக்கணக்கில் எளியோர் மத்தியில் பணியாற்ற ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்.

பணக்கார நாட்டு மாணவர்கள் சில வாரம் ஆப்பிரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ போய்வரும் பயிற்சிதான் நெடுங்காலமாக 'உலகச் சுகாதாரம்' என்ற பெயரில் நடந்தது. போனவர்கள் நிறையக் கற்றார்கள், உண்மை. ஆனால் ஏற்கெனவே ஆள் பற்றாத மருத்துவமனையில், அவர்களுக்கு மொழிபெயர்க்க ஒரு செவிலியரும் மேற்பார்வைக்கு ஒரு மருத்துவரும் தங்கள் வேலையை விட்டு வர வேண்டியிருந்தது. இதற்கான அறநெறி வழிகாட்டுதல்களை ஒரு நிபுணர் குழு வெளியிட்டதே 2010இல்தான். அனுப்பும் கல்லூரியும் ஏற்கும் மருத்துவமனையும் சுமையையும் பயனையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்றது அது. மிகவும் தாமதமாக வந்த பேச்சு.

புட்டாரோவில் ஏற்பாடு தலைகீழ். நோய் இருக்கும் இடத்திலேயே கல்லூரி. பாடம் நடத்த ஃபார்மர்தான் கடல் கடந்து வந்தார். 2022 பிப்ரவரியிலும் அங்கேதான் இருந்தார், வகுப்பும் நோயாளிகளுமாக. 21ஆம் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 62.