உங்களுக்குத் தெரியுமா? கரிசலில் கழிவறைக் குழி

விருதுநகர், சாத்தூர் பக்கம் வீடு கட்டுவோர் செப்டிக் டேங்கின் அளவைத்தான் பேசுவார்கள், மண்ணைப் பேசுவதில்லை. கரிசல் ஈரம் பட்டால் உப்பும், தண்ணீர் எளிதில் இறங்காது. எனவே உறிஞ்சுகுழியைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மணலோ சரளையோ நிரப்ப வேண்டும்.

சிறு குடும்பத்துக்கு இரட்டைக் குழி மலிவு. ஒன்று நிரம்பியதும் மற்றதற்குத் திருப்பிவிட்டால், பழையது ஓரிரு ஆண்டில் மக்கி உரமாகிவிடும். முகம் சுளிக்கிறீர்களா? 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் மத்திய அரசுச் செயலர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி அதை அள்ளிக் காட்டினார்!

செப்டிக் டேங்க் என்றால் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வந்தாக வேண்டும். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உதவிக்கு 14420-ஐ அழையுங்கள்.