வளர்ப்புப் பிராணியும் வாடகை வீடும்

சென்னையில் நாயோ பூனையோ வளர்க்கும் குடும்பம் வீடு தேடப் புறப்பட்டால், வாடகை படிந்து, அட்வான்ஸ் பேசி, தரகருக்குரிய தொகையையும் ஒப்புக்கொண்ட பின்னர், வளர்ப்புப் பிராணி உண்டு என்ற ஒரு சொல்லினால் அவ்வளவு பேச்சும் முறிந்துபோவதைப் பலமுறை காண நேரிடும். அந்த மனச்சோர்வில் சிலர் பிராணியை மறைத்துக் குடிபுகுகின்றனர். வேறு சிலர், பிள்ளைபோல் வளர்த்த ஜீவனைப் பழைய வீட்டு வாசலிலேயே கைவிட்டுச் செல்லவும் துணிகின்றனர். முன்னது, பின்னர் வழக்கு நேர்ந்தால் நம் கட்சியைப் பலவீனமாக்கும்; பின்னது, பிராணியைப் பட்டினிக்கும் தாகத்திற்கும் ஆளாக்குமாயின், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

இவ்விஷயத்தில் முதலில் தெளியவேண்டியது, வீட்டு உரிமையாளர் வேறு, குடியிருப்போர் சங்கம் வேறு என்பதே. தம் வீட்டில் பிராணி கூடாது என்று உரிமையாளர் மறுத்தால், அவரை நிர்ப்பந்தித்துக் குடிபுகச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அவர் மனமுவந்து சம்மதித்த பின்பு, சங்கம் குறுக்கிட்டு, பெரும்பான்மைத் தீர்மானத்தைக் காட்டித் தடை விதிப்பது நியாயமன்று. ருக்மிணி தேவி அருண்டேலின் தலைமையில் 1962-இல் தோன்றி, நெடுங்காலம் நம் சென்னையிலேயே இயங்கிய இந்தியப் பிராணிகள் நல வாரியம், 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், நாயின் உருவம் பெரிதென்றோ, அது குரைக்கிறதென்றோ காரணம் காட்டி விலக்குவதும், லிஃப்டில் ஏற்ற மறுப்பதும் தகாதென்று கூறியிருக்கிறது. இந்நெறிகள் வெறும் ஆலோசனைகளே என்று வாதிடுவோர் உண்டு. எனினும், பிராணி வளர்ப்பைத் தடுக்கும் குடியிருப்பு விதிகள் சட்டவிரோதமானவை, செல்லுபடியாகாதவை என்று கேரள உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழகத்து நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதெனினும், சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் வாரியத்தின் நெறிகளோடு சேர்த்து எடுத்துக்காட்டத் தக்க பலம் அதற்கு உண்டு.

உரிமையாளரின் சம்மதம் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய அபாயம் என்பது என் அபிப்பிராயம். இன்று சம்மதித்த பெரியவரிடமிருந்து வீட்டுப் பொறுப்பு நாளை அவர் மகனிடம் மாறலாம். மகனுக்கு நாயென்றால் ஆகாதிருக்கலாம். ஆதலால், இன்ன பிராணி, இத்தனை என்பதையும், சுவரிலும் கதவிலும் விழும் கீறல்களுக்கு முன்பணத்திலிருந்து எவ்வளவு கழிக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் தனி ஷரத்தாக எழுதச் செய்து, குடிபுகும் நாளன்றே வீட்டின் நிலையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதையும் அது தடுக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிப்போன இந்நகரத்தில், பிராணியைச் சாக்கிட்டு மேலும் கேட்கும்போது, இதைப் பணிவுடன் நினைவூட்டலாம்.

குடியிருக்கும் காலத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உபத்திரவம் செய்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வாடகை நீதிமன்றத்தின் உத்தரவின்றி ஒருவரை வெளியேற்ற முடியாது. நம் கடமைகளும் சிறியவையல்ல. மாநகராட்சி உரிமம், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, பொது இடத்தில் கழுத்துப்பட்டையும் கயிறும், கழிவை உடனே அகற்றும் பழக்கம் ஆகியவற்றில் தவறுகிறவர், அடுத்து வீடு தேடி வரும் இன்னொரு குடும்பத்தின் வாய்ப்பையும் கெடுக்கிறார்.

வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிராணி என்ற சொல்லைக் கேட்டதும் கதவை அடைத்துவிடாமல், தடுப்பூசிச் சான்றையும் உரிமத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், அந்த ஜீவனையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.