'பிலாங்' என்னும் சிறு சொல்

பத்தாம் வகுப்பு மாணவி

ஆங்கில அகராதியில் நீண்ட சொற்களைக் கண்டால் நாம் அஞ்சுகிறோம். உண்மையில் நம்மைத் திண்டாட வைப்பவை சின்னஞ்சிறு சொற்களே. 'பிலாங்' அத்தகைய ஒன்று. 'சொந்தமாயிரு' என்று நோட்டில் பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் புகுந்தால் வேடிக்கைதான் விளையும்.

'திஸ் பென் பிலாங்ஸ் டு மீ' என்றால் இந்தப் பேனா எனக்குச் சொந்தம். சரி. 'த ஃப்ராக் பிலாங்ஸ் டு த கிளாஸ் ஆம்பிபியா' என்னும்போது தவளையை யாரும் விலைக்கு வாங்கவில்லை; அது அந்த வகுப்பைச் சேர்ந்தது. 'திஸ் லிட் பிலாங்ஸ் டு தட் ஜார்' என்றால் மூடிக்கு ஜாடி எசமானனா? இல்லை, இதற்கு அது பொருந்தும், அவ்வளவே. 'த அட்லஸ் பிலாங்ஸ் ஆன் த டாப் ஷெல்ஃப்' என்று நூலகத்தில் சொன்னால், அட்லஸ் இருக்க வேண்டிய இடம் மேல்தட்டு என்று பொருள். இங்கே 'டு' இல்லை என்பதைக் கவனியுங்கள், தோழியரே.

சொந்தம், சேர்ந்தது, பொருந்துவது, இருக்க வேண்டிய இடம் என்று தமிழில் நான்காகப் பிரிவது ஆங்கிலத்தில் ஏன் ஒன்றாயிற்று? சொல்லின் வரலாறு இதற்கு விடை தருகிறது. இது 14ஆம் நூற்றாண்டில் எழுத்தில் காணப்படும் சொல். அதன் வேரான பழைய ஆங்கில வினைக்கு 'உடன் செல்லுதல், தொடர்புடைத்தாதல்' என்பதே கருத்து. உடைமைப் பொருள் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. ஆகவே மூடியும் ஜாடியுந்தான் மூத்த பொருள், பேனா இளையது!

நம் நாட்டில் பலர் 'திஸ் புக் இஸ் பிலாங்கிங் டு மீ' என்பார்கள். 'இந்தப் புத்தகம் எனக்குச் சொந்தமாகிக்கொண்டிருக்கிறது' என்று தமிழில் சொல்வோமா? இது செயலைக் காட்டும் வினை அன்று, நிலையைக் காட்டும் வினை. எனவே 'இங்' ஏற்காது. பெயர்ச்சொல்லானால் மட்டும் ஏற்கும். அதிலும் ஒரு விந்தை. 'பிலாங்கிங்ஸ்' என்றால் பெட்டி, படுக்கை முதலிய உடைமைகள். கடைசி 'ஸ்' போய்விட்டால், இது நம் இடம், இவர்கள் நம்மவர் என்ற உணர்வு. அந்த உணர்வைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது.

பசிபிக் கடலில் உள்ள பாப்புவா நியூ கினி நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. அவர்களுக்குப் பொதுவாக விளங்கும் மொழிகளில் ஒன்று 'டோக் பிசின்'. அதன் சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதில் நம் 'பிலாங்' வேற்றுமை உருபு போலவே ஆகிவிட்டது. 'ஹவுஸ் பிலாங் மி' என்றால் என் வீடு. 'கிராஸ் பிலாங் ஹெட்' என்றால் தலையினது புல், அதாவது தலைமுடி! ஆறாம் வேற்றுமையில் நாம் படித்த கிழமைப் பொருள் இரண்டும் இங்கே இருக்கின்றன. முடி தலையோடு ஒன்றியிருப்பதால் தற்கிழமை. வீடு என்னிலிருந்து வேறானதால் பிறிதின்கிழமை.

மனிதரைப் பற்றிச் சொல்லும்போதுதான் இந்தச் சொல்லில் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சாதிச் சான்றிதழில் 'பிலாங்ஸ் டு' என்பதைச் 'சேர்ந்தவர்' என்கிறோம். நல்லவேளை, 'சொந்தமானவர்' என்பதில்லை. ஆனால் மனிதன் மனிதனுக்குச் சொந்தமாயிருந்த காலமும் உண்டு. சாமுவேல் முதல் நூல் 30ஆம் அதிகாரத்தில், வயல்வெளியில் கிடந்த எகிப்திய இளைஞன் ஒருவனைத் தாவீதிடம் கொண்டு வருகிறார்கள். மூன்று நாள் இரவும் பகலும் அவன் உண்ணவுமில்லை, நீர் அருந்தவுமில்லை. அவன் யாருடைய ஆள் என்று தாவீது கேட்குமிடத்தில் பல ஆங்கில விவிலியங்களில் இந்தச் சொல்லே நிற்கிறது. தான் ஓர் அமலேக்கியனின் அடிமை என்றும், நோயுற்றதால் தலைவன் விட்டுப் போய்விட்டான் என்றும் அவன் சொல்கிறான். பேனாவைப் போல அவன் ஒருவனுக்குச் சொந்தமாயிருந்தான். பேனா எழுதவில்லை என்றதும் எறிந்துவிட்டார்கள். அப்பமும் அத்திப்பழ அடையும் கொடுத்து அவனைப் பிழைக்கவைத்தவர்கள் யாரோ அந்நியர்.

எங்கள் ஆங்கில வகுப்பில் சிஸ்டர் ஒருநாள் 'ஐ பிலாங் ஹியர்' என்பதைத் தமிழாக்கச் சொன்னார்கள். 'டு' இல்லாத வாக்கியம்; எளிதென்று நினைத்தோம். 'நான் இவ்வூரைச் சேர்ந்தவள்' என்று பலர் எழுதினோம். 'எனக்கு இங்கே உரிமை உண்டு' என்றாள் ஒருத்தி. அது வழக்கு மன்றத்தில் பேசுவது போலிருந்தது. 'இது என் இடம்' என்பது ஓரளவு பொருந்தியது. இவ்வாண்டு புதிதாக விடுதியில் சேர்ந்த தோழி, 'என்னைக் காணவில்லை என்றால் இங்கே தேடுவார்கள்' என்று எழுதியிருந்தாள். எந்த அகராதியிலும் அப்படி இல்லை. சிஸ்டர் அதை இருமுறை வாசித்தார்கள். சிவப்பு மையால் அடிக்கவில்லை.