பழைய உழவு இயந்திரங்கள்: இனங்காணலும் பேணலும்

கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டை, சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் அயலவராக வாழும் மலைப்பிரதேசமாகும். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இதன் அண்மையிலேயே அமைந்துள்ளது. தேயிலைக் கொழுந்தையும் பசளையையும் மரக்கறியையும் ஏற்றியிறக்குவதற்கு இத்தகைய பிரதேசங்களில் சிறிய உழவு இயந்திரங்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

2022 இல் நாட்டை உலுக்கிய பொருளாதார நெருக்கடியின்போது, 200 ரூபாவை அண்மித்திருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருட்களின் விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. புதிய இயந்திரமொன்றை வாங்குவது சிறு விவசாயிக்கு எட்டாக்கனியாகிவிட்ட நிலையில், பழையதைச் சரியாக இனங்கண்டு வாங்குவதும், வாங்கியதைப் பேணுவதும் அவனது வாழ்வாதாரத்துடன் பிணைந்த விடயங்களாகியுள்ளன.

இலங்கையில் நன்கு அறியப்பட்டவை மெஸி பெர்கியூசன் இயந்திரங்களாகும். இவற்றில் 35 ஆம் இலக்க மாதிரி 1957 இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதன் ஆரம்பகால டீசல் இயந்திரங்களில் நான்கு சிலிண்டர் கொண்ட ஸ்டாண்டர்ட் என்ஜின் பொருத்தப்பட்டிருந்தது. குளிரில் அதனை இயக்குவது சிரமம் என்ற குறைபாடு இருந்தமையால், 1959 இன் இறுதியிலிருந்து மூன்று சிலிண்டர் கொண்ட பெர்க்கின்ஸ் என்ஜின் பொருத்தப்பட்டது. 1964 இன் இறுதியில் வெளிவந்த 135 உம் மூன்று சிலிண்டர் கொண்டதே. எரிபொருள் பம்பியிலிருந்து இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் குழாய்களை எண்ணினால் இவ்வேறுபாடு புலப்படும். 3.152 என்ற பெர்க்கின்ஸ் குறியீடும் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலக் கொள்ளளவு என்பதையே சுட்டுகிறது.

சென்னையில் 1960 இல் ஆரம்பிக்கப்பட்ட டாஃபே நிறுவனமும் மெஸி பெர்கியூசன் வடிவமைப்பில் இயந்திரங்களைத் தயாரித்தது. தோற்றம் ஒத்திருப்பதை மட்டும் வைத்து, ஒன்றின் உதிரிப்பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துமென முடிவுசெய்வது பணவிரயத்திற்கே வழிவகுக்கும். குபோட்டா, யன்மார் போன்ற ஜப்பானிய சிறு இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உருவானவற்றின் மாதிரி இலக்கங்கள் ஏற்றுமதி மாதிரிகளிலிருந்து வேறுபடலாம். எனவே உதிரிப்பாகம் வாங்கச் செல்லுமுன் மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், என்ஜின் இலக்கம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்வது அவசியமாகும். பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கங்கள் இயந்திரத்தில் பொறிக்கப்பட்டவற்றுடன் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பணம் கைமாறுமுன்னரே பார்த்துவிட வேண்டும்.

புதிய வர்ணப்பூச்சைக் கண்டு ஏமாந்துவிடலாகாது. மணிக்கணக்குக் காட்டும் மானியும் மாற்றப்பட்டிருக்கலாம். என்ஜின் முற்றாகக் குளிர்ந்திருக்கையில் இயக்கிப் பார்ப்பதே சிறந்த சோதனை. தொடரும் கரும்புகை, காற்றுத் தடையையோ மிகையான எரிபொருளையோ காட்டும். நீலப்புகை என்ஜின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னரும் நீங்காத வெண்புகை, எரிபொருள் சரிவர எரியாமையையோ நீர் உட்புகுந்தமையையோ உணர்த்தும். எண்ணெய் பால்நிறமாக மாறியிருப்பின் அதில் நீர் கலந்திருக்கிறது என ஐயுற வேண்டும்.

பராமரிப்பில் முதலிடம் பெறுவது தூய்மையாகும். டீசலில் கலக்கும் நீரும் தூசும் நுண்ணிய பம்பியையும் இன்ஜெக்டரையும் அரித்துவிடும். எரிபொருள் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றி, அதன்பின் குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய்த் தொட்டியுடன் கூடிய பழைய காற்று வடிகட்டியைத் தூசி மிகுந்த காலத்தில் அடிக்கடி கழுவி, குறித்த மட்டத்திற்குப் புதிய எண்ணெய் இட வேண்டும். வடிகட்டிக்குச் செலவிடும் சிறுதொகை, என்ஜினைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பெருஞ்செலவைத் தவிர்க்க உதவும்.

எனினும், மலைநாட்டில் என்ஜினைவிட முக்கியமானது பிரேக் ஆகும். இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி மிதிகள் கொண்ட இயந்திரங்களில், வீதியில் செல்கையில் அவ்விரண்டையும் கொளுவியால் கட்டாயம் இணைத்திருத்தல் வேண்டும். இல்லையேல், ஒரு சக்கரம் மட்டும் பிடிபட்டு இயந்திரம் திரும்பிக் கவிழக்கூடும். எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் நியூட்ரலில் சரிவிறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஏறும்போது தேவைப்படும் கீழ்க் கியரிலேயே இறங்குவதும் வேண்டும். பிரேக் இல்லாத பெட்டியில் அதிக பாரம் ஏற்றினால், அப்பாரமே இயந்திரத்தை முன்னே தள்ளிவிடும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் கிடையாது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. சாமான் ஏற்றும் பெட்டியில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வழக்கம் இனியும் தொடரலாகாது.

பேராதனையைத் தலைமையகமாகக் கொண்ட விவசாயத் திணைக்களம் தெல்தோட்டைக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளது. அத்திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் சாரதிகளுக்குப் பராமரிப்பு, பாதுகாப்புப் பயிற்சிகளை அவர்களது தாய்மொழியில் கிராமங்களிலேயே நடத்த முன்வர வேண்டும். அரைநூற்றாண்டு கடந்த இயந்திரமும் முறையாகப் பேணினால் உழைக்கும். புறக்கணித்தால், அதனை நம்பியிருக்கும் குடும்பத்தையே நிர்க்கதியாக்கிவிடும் என்பதை உரியவர்கள் உணர வேண்டும்.