கிளினிக்கை மூடினாலும் கேஸ் விடாது!
டாக்டர்கள் பாலிசியில் ஒரு வில்லங்கம்

படித்து முடித்து ஸ்பெஷலிஸ்டு டாக்டர் கையில் நாலு காசு பார்ப்பதற்குள் வயது 30-ஐ நெருங்கிவிடுகிறது. அப்புறம் கிளினிக் கடன், மெஷின் கடன், வீட்டுக் கடன். எல்லாம் அடைத்து நிமிரும்போது வக்கீல் நோட்டீசு வந்தால்?

பணம் வாங்கி வைத்தியம் பார்க்கும் டாக்டர் மீது நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு போடலாம் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. கல்கத்தாவில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் 1998-ல் இறந்துபோனார். அவருடைய கணவர் விடாமல் கேஸ் நடத்தினார். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு சுமார் 6 கோடி ரூபாய். வட்டி தனி! பெரும் பங்கு ஆஸ்பத்திரி தலையில் விழுந்தது. டாக்டர்களும் தப்பவில்லை.

இதற்கென்றே டாக்டர்களுக்குத் தனி இன்சூரன்சு இருக்கிறது. வில்லங்கமும் அதில்தான். பெரும்பாலான பாலிசிகளில், சிகிச்சை நடந்த அன்று பாலிசி இருந்தால் மட்டும் போதாது. கேஸ் வரும் அன்றும் அது உயிரோடு இருக்க வேண்டும். நோயாளி வழக்கு போட 2 வருடம் அவகாசம் உண்டு. ‘கிளினிக்கைத்தான் மூடியாச்சே, இனி எதுக்கு பிரீமியம்?’ என்று நிறுத்தியவருக்கு அடுத்த வருஷம் நோட்டீசு வந்தால், சொந்தப் பணத்தைத்தான் எடுத்து வைக்க வேண்டும். கம்பெனி மாறுகிறவர்கள் பழைய பாலிசி ஆரம்பித்த தேதியைப் புதிய பாலிசியிலும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நோயாளிக்கும் இதில் லாபம் உண்டு. பாலிசி இருந்தால் நஷ்டஈடு கைக்கு வரும். இல்லாவிட்டால் ஜெயித்த பிறகும் அலைச்சல்தான்.

போதையில் ஊசி போட்டு மாட்டிக்கொண்ட டாக்டருக்கு மட்டும் கம்பெனி பைசா தராது. நியாயம்தானே!